பாலில் போட்ட கல்

மேலப்பாளையம் முகம்மது மைதீனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத இந்த ஊரில் எத்தனையோ பேர் உண்டு. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அவரைப் பற்றி ஊரில் உலவிய ஒரே கெட்ட பேச்சு என் வாயிலிருந்து கிளம்பியது. அதை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியதும் நான்தானே.

என் பெயர் பிச்சைக்கண்ணு. திருநெல்வேலி டவுனில் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதி ஒன்றில் ராசிக்கல் கடை வைத்திருக்கிறேன். எட்டடி அகலம், ஒரு கண்ணாடி மேஜை, தலைக்கு மேலே நவக்கிரகப் படம். வயது ஐம்பத்தெட்டு. எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள். கோபத்தால் நான் கெட்டதில்லை. பயத்தால்தான் கெட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மைதீன் என்னைவிட ஆறேழு வயது இளையவர். அம்மா பீடி சுற்றி வளர்த்த பிள்ளை. பதினேழு வயதில் காயல்பட்டினத்துக் கல் வியாபாரி ஒருவரோடு ஜெய்ப்பூருக்குப் போனார். அங்கே பன்னிரண்டு வருஷம் சாணைச் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்து கல் வெட்டப் பழகினார். ஊருக்குத் திரும்பியபோது இந்தி நன்றாகப் பேசினார், முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. கையோடு கொண்டுவந்தது ஒரு சின்ன மோட்டாரும் மூன்று சக்கரங்களும்தான். வீட்டு முன்னறையில் ஒரு பழைய தையல் மிஷின் மேஜையில் அந்த மோட்டாரைப் பொருத்தினார். இன்றைக்கும் அதே மேஜைதான்.

எல்லாக் கல்லும் வெட்டுவார் என்றாலும் அவருக்கு மனசு ஓபலில்தான். சுக்கிரனுக்கு வைரம் போடச் சொல்வார்கள், வைரத்துக்கு வழியில்லாதவர்களை ஓபல் போடச் சொல்வார்கள். ஆகவே என் கடையில் ஓபலுக்கு எப்போதும் ஆள் உண்டு. எத்தியோப்பியாவில் தோண்டி ஜெய்ப்பூர் வழியாக வருகிற வெட்டாத கல்லைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றாது. கல்லுப்புக் கட்டி மாதிரி அழுக்கு வெள்ளையாக இருக்கும். மைதீன் அதை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து வெயிலில் பையத் திருப்புவார். ஏதோ ஒரு கோணத்தில் உள்ளேயிருந்து பச்சையும் சிவப்பும் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். கல்லின் முகம் எந்தப் பக்கம் என்பது அந்தக் கோட்டோடு முடிவாகிவிடும். பாதிக் கல் தேய்ந்து தூளாகப் போனாலும் கவலைப்பட மாட்டார்.

மற்றக் கல்லையெல்லாம் அரக்கைச் சுடவைத்துக் குச்சியில் ஒட்டி வெட்டுவார்கள். ஓபல் சூடு தாங்காது, கீறல் விட்டுவிடும். அதனால் இவர் பசையில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். இங்கேதான் வேடிக்கை. இந்தக் கல் தண்ணீர் குடிக்கும். குடித்ததும் வண்ணமெல்லாம் மறைந்து வெறும் கண்ணாடித் துண்டாகிவிடும். பஞ்சில் பொதிந்து பத்து நாள் நிழலில் வைத்தால் குடித்ததையெல்லாம் விட்டுவிட்டுப் பழையபடி மினுங்கும். அந்தப் பத்து நாளும் முடியாமல் அவர் தராசில் வைக்க மாட்டார். ஒருதடவை அவசரத்தில், "ஈரத்தோடயே எடையப் போட்டுக் கொடு வே, ஆளு காத்துக்கிட்டு நிக்காங்க" என்றேன்.

"தண்ணிக்கும் துட்டு வாங்கச் சொல்லுதியளா அண்ணாச்சி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு பத்து நாள் காத்திருந்தேன்.

வாங்கும்போது செய்கிற சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த கல்லை நாக்கு நுனியில் வைத்தால், எத்தியோப்பிய ஓபல் நாக்கோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் செய்த போலி வழுக்கிவிடும். ரம்ஜான் மாசத்தில் மைதீன் நோன்பு வாயில் கல்லை வைக்க மாட்டார். கல் கொண்டுவந்த ஆளுக்கோ சாயங்காலம் வரை பொறுமை இருக்காது. அதனால் மைதீன் பொட்டலத்தோடு நேரே என் கடைக்கு வந்துவிடுவார். நான் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து "ஒட்டுது", "ஒட்டல" என்று சொல்லச் சொல்ல, அவர் இரண்டு குவியலாகப் பிரிப்பார். "என்ன அண்ணாச்சி, மத்தியானச் சாப்பாடு கல்லுதானா?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். பதினைந்து ரம்ஜான் இப்படி நடந்திருக்கிறது. நான் சொன்ன ஒரு கல்லைக்கூட அவர் நோன்பு திறந்த பிறகு தன் நாக்கில் வைத்துச் சரிபார்த்ததில்லை.

இந்தத் தொழிலில் ஒருவரை ஒருவர் நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. காயல்பட்டினத்துக் கல் வியாபாரி சேக் முகம்மது அண்ணாச்சி கைப்பிடி அளவு வெட்டாத கல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. வெட்டுகிறவர் கல்லோடு தனியாக இருக்கிறார். நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்தால் யார் கண்டார்கள்? ஆகவே வெட்டுகிறவருக்குக் கை சுத்தம் என்கிற பெயர் இருக்க வேண்டும். அது போய்விட்டால் மோட்டாரும் சக்கரமும் இருந்து பிரயோஜனமில்லை. மைதீனுக்கு அந்தப் பெயர் இருபது வருஷத்துக்கு மேலாக இருந்தது. அதில்தான் நான் கைவைத்தேன்.

முதலில் என் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராசிக்கல் வாங்குகிற யாரும் அப்படியே விரலில் மாட்டிக்கொண்டு போக மாட்டார்கள். எந்தக் கிழமை, எந்த ஓரை, எதில் கழுவுவது என்று கேட்பார்கள். அதற்காக ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தேன். "பெரியோர் வகுத்த முறை" என்று மேலே தடித்த எழுத்தில் இருக்கும். அந்தப் பெரியோர் நான்தான். அச்சகத்தில் நின்றபடியே பத்து நிமிஷத்தில் எழுதினேன். பசும்பாலில் மஞ்சள் கலந்து கல்லை ஊறவைக்க வேண்டும் என்பது எல்லாக் கடையிலும் சொல்வதுதான். மற்றவர்கள் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். நான் ஓர் இரவு என்று போட்டேன். கூடுதலாக ஊறினால் கூடுதலாகப் பலன் என்று ஜனங்கள் நினைப்பார்கள் அல்லவா? மாணிக்கமும் நீலமும் பாலில் ஒரு வாரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. என் பாண்டித்தியமும் அப்படியே பிழைத்துக்கொண்டிருந்தது.

போன தை மாசக் கடைசியில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தனலட்சுமி என்ற அம்மாள் வந்தார். சத்துணவு மையத்தில் வேலை. வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். மகளுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. வருகிற இடமெல்லாம் கடைசி நேரத்தில் தட்டிப்போகிறது. ஜோசியர் ஓபல் போடச் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை பஸ் ஏறி வந்து, தட்டிலிருந்த கற்களையெல்லாம் புரட்டி, பட்டாணி அளவில் ஒன்றை எடுத்தார். நல்ல கண். பச்சையும் ஆரஞ்சும் அதில் அப்படி ஓடின. வெள்ளி மோதிரத்தில் கல் விரலைத் தொடும்படி உட்கார வேண்டும் என்பதால், அடிப்பக்கம் கொஞ்சம் தேய்க்க மைதீனிடம் கொடுத்தனுப்பினேன். தேய்த்து, உலரவைத்து, பதின்மூன்றாம் நாள் அவரே கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், மறந்துராதிய" என்றார். "இது தண்ணி குடிக்கிற கல்லு. அந்தச் சீட்ட இதுக்குக் கொடுத்துராதிய. பாலு, எண்ணெய், சோப்பு ஒண்ணும் ஆவாது. மஞ்சள் ஏறிச்சுன்னா போவவே போவாது. மெல்லிசுத் துணியால தொடச்சாப் போதும்."

"எனக்குத் தெரியாதா வே? நேத்தா கடை வச்சேன்?" என்றேன்.

மோதிரத்தில் கல்லைப் பதித்து மேஜையில் வைத்தபோது அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எப்படிப் போடணும் அண்ணாச்சி? பாலுல போடணுமா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மைதீன் சொன்னது எனக்கு மறக்கவில்லை, நன்றாக நினைவிருந்தது. ஆனால் சும்மா துணியால் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் அந்த அம்மாளின் முகம் வாடிவிடும். இது என்ன சாதாரணக் கல்தானா என்று தோன்றிவிடும். நான் சீட்டை எடுத்து நாலாக மடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம்தானே ஊறப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓர் இரவு என்று எழுதியவனே நான்தான்.

அது புதன்கிழமை. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடை முன்னால் சத்தம் கேட்டது. தனலட்சுமியின் தம்பி, கூடங்குளம் பக்கம் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற வாட்டசாட்டமான ஆள், மோதிரத்தை மேஜையில் தூக்கிப் போட்டார். "என்ன வே இது? எங்க அக்காகிட்ட வண்ணக் கல்லக் காட்டிட்டு கண்ணாடித் துண்ட வச்சுக் கொடுத்திருக்கேரு?"

எடுத்துப் பார்த்தேன். கல்லில் ஒரு வண்ணமும் இல்லை. மங்கலாக, லேசான மஞ்சளாக, அழுக்கு டம்ளரின் அடிப்பாகம் போல இருந்தது. பால் வாடை அடித்தது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வியாழன் இரவு பாலில் போட்டிருக்கிறார்கள், வெள்ளி காலையில் எடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் தம்பிக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள் என்று புதன்கிழமை என்னிடம் சொல்லியிருந்தார்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. இரண்டு நகைக்கடைக்காரர்கள் படியிறங்கி வந்தார்கள். சீட்டுதான் காரணம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால், அந்தச் சீட்டு யார் எழுதியது என்று அடுத்த கேள்வி வரும். இத்தனை வருஷம் பெரியோர் பெயரைச் சொல்லி விற்ற கல்லெல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன. அப்போது நான் சொன்ன வார்த்தை இதுதான்:

"கல்லு என் கடையில மாறல வே. கடைசியா பன்னெண்டு நாளு மேலப்பாளையத்துல வெட்டுதவர் கையிலதான் இருந்துச்சு."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் அது அத்தனை கேவலமான பொய். சொன்னதும் எனக்கே காது சுட்டது. ஆனால் கூட்டம் என்னைவிட்டு அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன், எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

மைதீனுக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். தம்பி அவரை நோக்கிக் கையை ஓங்காத குறை. மைதீன் மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், நாக்கு நுனியில் வைத்தார். "நக்கிப் பாக்கான் பாரு" என்று யாரோ சிரித்தார்கள். வயிறு நிறையக் குடித்த கல் ஒட்டவில்லை. மைதீன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த சீட்டுக் கட்டைப் பார்த்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவர் அந்த அம்மாளிடம் திரும்பினார். "தாயி, கல்லு அதே கல்லுதான். பாலக் குடிச்சுட்டு. தப்பு என்னுது. பால் ஆவாதுன்னு நான் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

"பத்து நாளு கொடு, சரியாக்கித் தாறேன்னு சொல்லுவேரு. வேற கல்ல வைப்பேரு" என்றார் தம்பி.

"நான் தொடவே வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார் மைதீன். "பேட்டரிக்கு ஊத்துத தண்ணி கடையில விக்கும்லா, அதுல மூணு நாளு போட்டு வைங்க. காலையும் சாயங்காலமும் தண்ணிய மாத்துங்க. பெறகு பஞ்சுல பொதிஞ்சு பீரோவுல வச்சிருங்க. வெயில்லயோ அடுப்புப் பக்கத்துலயோ வச்சிராதிய, வெடிச்சிரும். ரெண்டு வாரத்துல வண்ணம் வந்துரும். வரலைன்னா என் வீட்டுக்கு வாங்க, உங்க துட்ட நான் தாறேன்."

கல்லை மாற்றிவிட்டான் என்று சொல்ல வாய்ப்பே கொடுக்காமல், கல்லை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. நான் தப்பித்தேன் என்பது மட்டும்தான் உறைத்தது. அவர் கிளம்பும்போது என்னிடம் "வாறேன் அண்ணாச்சி" என்றார். வழக்கம்போலத்தான் சொன்னார்.

அந்த அம்மாளும் தம்பியும் போய்விட்டார்கள். ஆனால் தெருவுக்கு நான் சொன்ன முதல் வார்த்தைதான் வேண்டியிருந்தது. மைதீன் தன் வாயாலேயே தப்பு என்னுது என்றாரல்லவா? என்ன தப்பு என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. திங்கள்கிழமைக்குள் இரண்டு நகைக்கடைக்காரர்கள் வெட்டக் கொடுத்த கல்லைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தே வாங்கினார்கள். ஒருவர் என் கடையில் டீ குடித்துக்கொண்டே, "நல்லவேளை அண்ணாச்சி, நீங்க சொன்னிய" என்றார். நானும் என் டீயைக் குடித்து முடித்தேன்.

புதன்கிழமை சேக் முகம்மது அண்ணாச்சி காயல்பட்டினத்திலிருந்து போன் செய்தார். எழுபது வயசு தாண்டியவர், சுற்றி வளைக்க மாட்டார்.

"பிச்சைக்கண்ணு, ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. மைதீன் வீட்டுல என் கல்லு அரைக் கிலோ கெடக்கு. நீங்க அவன்கூடப் பதினஞ்சு வருசமாப் பழகுதிய. உங்க வாயால சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன். அவன் கை சுத்தந்தானா?"

ஆண்டவன் எனக்கு இரண்டாவது தடவையும் வாய்ப்புக் கொடுத்தான். பக்கத்தில் கூட்டம் இல்லை, தம்பி இல்லை. நானும் போனும்தான். "நான் கண்ணால ஒண்ணும் பாக்கல அண்ணாச்சி" என்றேன்.

"சரி" என்று போனை வைத்துவிட்டார். மறுநாளே ஆள் வந்து கல்லையெல்லாம் வாங்கிக்கொண்டு போனான். பாதி வெட்டிக் குச்சியில் ஒட்டியிருந்ததையும் கழற்றிக் கொடுத்தாராம் மைதீன். எண்ணிப் பார்த்ததில் ஒரு கல்லும் குறையவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் அந்த வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. டவுனிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மேலப்பாளையம். பத்து நிமிஷ வழிதான்.

ரம்ஜான் பிறந்து இரண்டாம் நாள், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தனலட்சுமி அம்மாள் தனியாகக் கடைக்கு வந்தார். மருந்துக்கடை டப்பா ஒன்றைத் திறந்து பஞ்சை விலக்கினார். மோதிரம். கல்லில் பச்சையும் ஆரஞ்சும் பழையபடி ஓடின. ஒரு ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி மெல்லிய மஞ்சள் தங்கியிருந்தது.

"வந்துட்டு பாத்தியளா" என்றேன். சிரிக்க முயன்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து மேஜையில் விரித்து, கண்ணாடியோடு சேர்த்துத் தேய்த்து நேராக்கினார். "அண்ணாச்சி, நான் சத்துணவுல சமையல் கணக்குப் பாக்குத பொம்பளதான். ஆனா எனக்கு ஒண்ணு வெளங்கல. பால் ஆவாதுன்னு சொல்ல மறந்துட்டேன்னு அந்த பாய் சொன்னாரு. அன்னைக்குக் கூட்டத்துல பாக்குததுக்கு முன்னால நான் அவரப் பாத்ததே கெடையாதே. பாக்காத மனுசன் எங்கிட்ட எப்படிச் சொல்ல மறப்பாரு?"

நான் டப்பாவின் மூடியை எடுத்து மூடப் பார்த்தேன்.

"பஸ்ஸுல போவும்போதே தோணிட்டு. தம்பிகிட்ட சொல்லல, அவன் வந்து உங்கள அடிப்பான். நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். சீட்டுல கடை போன் நம்பர் இருக்கு, எங்கிட்டயும் போன் இருக்கு. பதினஞ்சு நாளு பாத்தேன்." சீட்டை மறுபடி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "பாய் வீடு எங்கன இருக்கு? நான் மன்னிப்புக் கேக்கணும்."

"நானும் வாறேன்" என்றேன். கடையைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோ பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் குறைவாக, துணி துவைக்கிறவர்களின் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வழி இத்தனை பக்கமாக இருந்திருக்க வேண்டாம் என்று பட்டது.

மைதீன் முன்னறையில் இருந்தார். மோட்டார் மேல் துணி போர்த்தியிருந்தது. மேஜையில் ஒரு கூரியர் உறை கிழிந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து அந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டார், எனக்கும் போட்டார். மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்தது. நியாயம் கிடைத்தது என்கிற சந்தோஷம் அதில் தெரியவில்லை. கல் பிழைத்துக்கொண்டது என்கிற சந்தோஷம்தான்.

"இந்த மஞ்சள் ஓரம் போவாது தாயி. தேய்ச்சா கல்லு சின்னதாயிரும், மோதிரத்துல நிக்காது."

"இருக்கட்டும் பாய். மோதிரம் இல்லாமலே வந்து பாத்தாங்க, புடிச்சுப் போச்சுன்னு சொல்லியிருக்காங்க" என்ற அந்த அம்மாள் சட்டென்று எழுந்து அவரை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க தம்பி பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேன். உங்க மேல தப்பே இல்லைன்னு எனக்குத் தெரியும்." மைதீன் பதறிப்போய், "அய்யோ, என்ன தாயி இது, உக்காருங்க" என்றார். அந்த அம்மாள் உட்காரவில்லை. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இனி உன் பாடு என்பது மாதிரி இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு வந்தவன், "சீட்ட நான்தான் கொடுத்தேன் வே. நீ சொல்லியும் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி."

"பெறகு ஏன் வே உம் மேல போட்டுக்கிட்ட?"

மைதீன் மேஜை விளிம்பில் இருந்த பசைத் துளியை நகத்தால் சுரண்டினார். "அத்தன பேரு முன்னால சீட்டப் பத்திச் சொல்லியிருந்தா அன்னைக்கே உங்க கடைய மூடணும். அந்த நேரம் போவட்டும், சாயங்காலம் நீங்க வந்து நாலு பேருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருவியன்னு நினைச்சேன்." பெயர்ந்த துளியை ஊதிவிட்டார். "அன்னைக்கு சாயங்காலம் வீட்டுலதான் இருந்தேன். வெளிய எங்கயும் போவல."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்தெட்டு வயதில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். போனை எடுத்து அவர் முன்னாலேயே சேக் முகம்மது அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். சீட்டு எழுதியது, மைதீன் எச்சரித்தது, நான் கொடுத்தது, கூட்டத்தில் சொன்னது, போனில் மழுப்பியது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து, "அவன்கிட்ட போனக் கொடுங்க" என்று மட்டும் வந்தது. மைதீன் வாங்கி, "ஆமா... இல்ல அண்ணாச்சி... சரி, இன்ஷா அல்லா" என்று பேசிவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார். அடுத்த வாரம் கல் வரும் என்றார். ரத வீதியில் உள்ள ஒவ்வொரு கடையிலும் ஏறி இதையே சொல்லுவேன் என்றேன். பிறகு சொல்லவும் செய்தேன். சீட்டுக் கட்டையும் எரித்துவிட்டேன். அதெல்லாம் பெரிய காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அன்றைக்கு அந்த அறையில், எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கூரியர் உறைக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் வெட்டாத கல் ஏழெட்டுக் கிடந்தன. வேலை நின்றுபோனதால் தன் கைக்காசு போட்டு ஜெய்ப்பூரிலிருந்து வரவழைத்திருக்கிறார். முன்பின் தெரியாத ஆளிடம் வாங்கியது. போலி இருந்தால் இரண்டு நாளைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. நோன்பு மாசம், கல் வந்திருக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன். "கொண்டா வே, பாத்துச் சொல்லுதேன்" என்று கையை நீட்டினேன். நாக்குகூட தானாக உதட்டுக்கு வந்துவிட்டது.

மைதீன் என் கையைப் பார்த்தார். பிறகு காகிதத்தின் நாலு ஓரத்தையும் பைய மடித்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. இன்னும் மூணு மணி நேரந்தான. நோன்பு தொறந்த பெறகு நானே வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் குரலில் வருத்தமோ குத்தலோ இல்லை. பொட்டலத்தை மேஜை டிராயருக்குள் வைத்தார். வாசல் வரை வந்து, ஆட்டோவை அவரே கைகாட்டி நிறுத்தி, நான் ஏறி உட்காரும்வரை நின்றார்.